ஸ்டியரிங் முனகுகிறதா? பம்ப்பை மாற்றுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

ஸ்டியரிங்கைத் திருப்பினால் சத்தம் வருகிறது என்று சொன்னதுமே, மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு "பம்ப் போயிடுச்சு சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். கார் 18 வருஷப் பழசு, போயிருக்கும் என்று நானும் நம்பி மாற்றினேன். பத்தாவது நாள் அதே முனகல். கடைசியில் பார்த்தால், ஆயில் டப்பாவிலிருந்து பம்ப்புக்கு வரும் ரப்பர் ஹோஸின் முனை எஞ்ஜின் சூட்டில் விறைத்துப்போய், கிளாம்ப் இருந்தும் பிடிப்பு இல்லாமல் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஹோஸும் இரண்டு கிளாம்ப்பும் போட்டதும் சத்தம் போய்விட்டது. பம்ப்புக்குக் கொடுத்த காசு வீண். உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

முதலில் உங்கள் கார் ஆயிலில் ஓடும் ஸ்டியரிங்தானா என்று பாருங்கள். அதாவது, பெல்ட்டால் சுற்றும் பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ள, அந்த அழுத்தம் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும். முதல் தலைமுறை இன்னோவா, இண்டிகா, ஐகான், பழைய ஸ்கார்பியோ எல்லாம் இந்த வகை. பானெட்டுக்குள் ஸ்டியரிங் ஆயில் டப்பாவே இல்லை என்றால் அது மோட்டார் வைத்த எலெக்ட்ரிக் ஸ்டியரிங், அல்லது பவரே இல்லாத சாதாரண ஸ்டியரிங். அவற்றுக்கு ஆயில், பம்ப் பற்றி இங்கே சொல்வது பொருந்தாது.

அடுத்து, ஸ்பேனரை எடுக்காமல் காதை வைத்துக் கேளுங்கள். என்ன சத்தம் என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்ங்' என்று ஏறி, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது இன்னும் அதிகமானால் அது ஆயில், காற்று, பம்ப் சம்பந்தப்பட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது முழுசாக ஒடிக்கும்போது 'கீச்' என்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட். கடைசி வரை ஒடித்துப் பிடித்திருக்கும்போது மட்டும் 'உஸ்' என்று வந்தால் பயப்பட வேண்டாம், அழுத்தம் அதிகமானால் அதைக் குறைக்க பம்ப்புக்குள் இருக்கும் ரிலீஃப் வால்வு திறக்கும் சத்தம் அது. ஆனால் அந்த நிலையில் ஐந்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். எஞ்ஜின் நிறுத்தியிருக்கும்போதும் 'டொக்' என்று வந்தால் அதற்கும் பம்ப்புக்கும் சம்பந்தமே இல்லை.

முனகல்தான் என்றால் ஆயிலில் ஆரம்பியுங்கள். டப்பாவில் சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று கோடுகள் இருக்கும், அதற்கேற்ற நிலையில் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். எஞ்ஜின் ஆயில் மாதிரி இது எரிந்து குறையாது. சக்கரங்களைத் திருப்பும் குறுக்குப் பகுதியான ரேக்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் உறையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ரேக் சீல் போய்விட்டது. எஞ்ஜின் ஓடும்போது, பம்ப்பிலிருந்து ரேக்குக்கு அழுத்தத்தோடு ஆயில் போகும் பிரஷர் ஹோஸைக் கையால் தடவி ஒழுகலைத் தேடாதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். சைலன்சர் பைப் மேல் சொட்டுகிற மாதிரி இருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

என்ன ஆயில் ஊற்றுவது? மூடியில் எழுதியிருப்பதைத்தான். நிறைய கார்களில் டெக்ஸ்ரான் வகை சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில்), ஹோண்டாவுக்கு அவர்களுடைய சொந்த ஆயில், சில ஐரோப்பிய கார்களுக்குப் பச்சை நிற ஆயில். கலக்காதீர்கள். பக்கத்து டப்பா என்று நினைத்து பிரேக் ஆயிலை ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் சீல் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

அளவு சரியாக இருந்தும் முனகினால், காற்று. இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டப்பாவிலிருந்து பம்ப்புக்கு வரும் பக்கம் பம்ப் உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் வெளியே காய்ந்து சுத்தமாக இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டி, ஸ்டியரிங்கை நாலு முறை ஒடித்துவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி நுரைத்திருந்தாலோ, எஞ்ஜினை நிறுத்தியதும் மட்டம் சட்டென்று மேலே ஏறினாலோ உள்ளே காற்று இருக்கிறது. அப்புறம் எஞ்ஜின் ஓடும்போது, பெல்ட்டில் கை படாமல், டப்பாவிலிருந்து பம்ப் வரை உள்ள ஒவ்வொரு ஹோஸ் இணைப்பிலும் கொஞ்சம் கிரீஸை அப்பிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் அப்பும்போது முனகல் மாறுகிறதோ அந்த இடம்தான். பழைய ஹோண்டாக்களில் பம்ப்பின் வாயில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் (ஓ-ரிங்) விறைத்துப்போவதும் அடிக்கடி நடப்பதுதான்.

இணைப்பெல்லாம் சரி என்றால் டப்பாவைக் கழற்றிப் பாருங்கள். பல டப்பாக்களின் அடியில் வலை மாதிரி ஒரு ஃபில்டர் உண்டு. ஆயிலே மாற்றாத வண்டியில் அது அடைத்து, பம்ப் ஆயிலுக்குத் தவிக்கும். சில வண்டிகளில் வலையைத் தனியாக எடுக்க முடியாது, டப்பாவையே மாற்ற வேண்டும். அதுவும் பம்ப் விலையில் சிறு பங்குதான்.

பெல்ட் சந்தேகம் என்றால், சத்தம் வரும்போது வரி வரியாக இருக்கும் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது; கொஞ்ச நேரம் அடங்கித் திரும்ப வந்தால் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி நேர்கோட்டில் இல்லை.

'டொக்' சத்தத்துக்கு ஒரு ஆளை உள்ளே உட்காரவைத்து, எஞ்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் டை ராட் எண்டிலும் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) ஸ்டியரிங் ராடின் ஜாயிண்டிலும் கை வைத்துப் பாருங்கள், ஆட்டம் கையிலேயே தெரியும். சஸ்பென்ஷன் ஸ்பிரிங் சரியாகத் திரும்பாமல் 'டங்' என்று எகிறினால் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் மவுண்ட் பேரிங்தான் காரணம்.

இதில் எதுவுமே இல்லை என்றால்தான் பம்ப்பின் மேல் சந்தேகம் வர வேண்டும். எஞ்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று இருந்தாலோ, ஆடினாலோ பேரிங் போய்விட்டது. ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள், உலோகத்தூள் மினுங்கினால் பம்ப் உள்ளே தேய்ந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும்.

எதை மாற்றினாலும் காற்றை வெளியேற்றாமல் விடாதீர்கள். முன்சக்கரங்களைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, எஞ்ஜினை ஸ்டார்ட் செய்யாமலேயே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இருபது முறை மெதுவாகத் திருப்புங்கள். ஆயில் குறையக் குறைய ஊற்றுங்கள். நுரை அடங்க அரை மணி நேரம் விட்டு, ஸ்டார்ட் செய்து ஐடிலில் இன்னும் சில முறை திருப்புங்கள். மறுநாள் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டத்தைத் திரும்பவும் பாருங்கள்.