ஸ்ட்ரெயிட் பூலில் ஹை ரன் ஏற வேண்டுமானால் கடைசி நாலு பந்தைக் கவனியுங்கள்

வாளையாறுக்கு இந்தப் பக்கம் கோவை, பொள்ளாச்சியானாலும் அந்தப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஆனாலும், பூல் டேபிள் உள்ள ஹால்களில் பெரும்பாலும் ஓடுவது எட்டுப் பந்து ஆட்டம்தான். தனியாக ஒரு மணி நேரம் டேபிள் எடுத்து ஆடுகிறவருக்கு அதைவிட நல்ல ஆட்டம் ஸ்ட்ரெயிட் பூல். எதிராளி தேவையில்லை. எத்தனை பந்தைத் தவறாமல் தொடர்ந்து போட்டீர்கள் என்ற ஒரே எண் போதும். அந்த எண்தான் ரன்.

விதி எளிது. எந்தப் பந்து, எந்தப் பாக்கெட் என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். நிறம், எண் எதுவானாலும் பந்துக்கு ஒரு பாயிண்ட். பதினான்கு பந்து போனதும் மிச்சமிருக்கும் ஒன்றையும் ஒயிட்டையும் (கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து) இருந்த இடத்திலேயே விட்டு, பதினான்கையும் முனைப் பந்து இல்லாமல் மறுபடி ரேக் போடுவார்கள், அதாவது முக்கோணமாக அடுக்குவார்கள். மிச்சப் பந்தைப் போட்டுக்கொண்டே ஒயிட்டை ரேக்கில் மோதவிட்டு உடைத்தால் ரன் தொடரும். 1910-இல் ஜெரோம் கியோ இந்த முறையைக் கொண்டுவந்ததால்தான் ரன்னுக்கு மேல்வரம்பே இல்லாமல் போனது. வில்லி மாஸ்கோனி 1954-இல் 526 போட்டார். 2019-இல் ஜான் ஷ்மிட் 626. 2022-இல் ஜேசன் ஷா 714. மாஸ்கோனியின் 526 எட்டடி டேபிளில் வந்தது. எனவே உங்கள் ஹாலில் எட்டடிதான் இருக்கிறது என்று தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் கணக்கு. நூறு பந்துக்குத் தொண்ணூற்றைந்து போடுகிறவர் பதினான்கைத் தொடர்ந்து போட வாய்ப்பு 49 சதவீதம். ஐம்பதைப் போட 8 சதவீதம்தான். அதே ஆள் தொண்ணூற்றெட்டுக்கு ஏறினால் பதினான்குக்கு 75, ஐம்பதுக்கு 36. அந்த மூன்று பந்து வித்தியாசம் கடினமான ஷாட்டைப் பழகுவதால் வராது. கடினமான ஷாட்டே வராதபடி ஒயிட்டை வைப்பதால்தான் வரும். பெரும்பாலான ரன்கள் தவறிய பந்தில் முடிவதாகத் தெரியும். உண்மையில் அதற்கு மூன்று, நாலு பந்து முன்னால் எடுத்த முடிவில் முடிந்திருக்கும்.

ரேக் உடைந்ததும் எதை முதலில் எடுப்பது? குஷனை ஒட்டிக் கிடப்பவை, பாக்கெட்டை மறைத்து நிற்பவை, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் கொத்துகள், இவை ஆரம்பத்திலேயே போய்விட வேண்டும். கொத்தை உடைக்கும்போது பக்கத்தில் எங்கே ஒயிட் நின்றாலும் போடக்கூடிய ஒரு காப்புப் பந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உடையுங்கள். காப்பு இல்லாமல் உடைத்து ஒயிட் கொத்துக்குள் சிக்குவதுதான் இருபதுக்குக் கீழே ரன் நிற்பதற்கு அடிக்கடி காரணம். டேபிள் நடுவில் எளிதாகக் கிடக்கும் பந்தைப் பார்த்ததும் கை பரபரக்கும். அதை விட்டுவையுங்கள், கடைசியில் அதுதான் வேண்டும். தரை துடைப்பவர் வாசலைப் பார்த்துப் பின்வாங்கி வருவதுபோல, கடைசிப் பந்திலிருந்து பின்னோக்கி யோசித்து வர வேண்டும்.

கடைசியில் வேண்டியவை இரண்டு. ரேக்குக்கு வெளியே அதன் பக்கவாட்டில் நிற்கும் பிரேக் பந்து, அதாவது கடைசியாக மிஞ்சி ரேக்கை உடைக்க உதவும் பந்து, ஒன்று. அதற்கு முன் போடும் பதினான்காவது பந்து, அதாவது கீ பந்து, இன்னொன்று. டேபிளில் ஆறு பந்து இருக்கும்போதே இரண்டையும் முடிவு செய்துவிடுங்கள். பிரேக் பந்துக்கு இரண்டு வேட்பாளர் இருந்தால் முடிந்தவரை இரண்டையும் காப்பாற்றுங்கள்.

ஒரு அமைப்பை அளந்து பார்ப்போம். ஒன்பதடி டேபிள், ஆடும் பரப்பு 100 அங்குலத்துக்கு 50. ரேக் தூரத்து முனையில் இருக்க, நீங்கள் எதிர்முனையில் நின்று பார்க்கிறீர்கள். பிரேக் பந்தை ஃபுட் ஸ்பாட்டிலிருந்து (ரேக்கின் முனைப் பந்து நிற்கும் புள்ளி) வலப்பக்கம் 7 அங்குலம், தூரத்துக் குஷன் பக்கமாக 2 அங்குலம் தள்ளி வையுங்கள். அதற்கும் ரேக்குக்கும் நடுவே ஒரு பந்து நுழைந்து கொஞ்சம் மிஞ்சும் இடைவெளி இருக்கும். போக வேண்டியது வலது தூர மூலைப் பாக்கெட். இப்போது ஒயிட்டை டேபிளின் நீளவாக்கு நடுக்கோட்டுக்கு 3 அங்குலம் வலப்பக்கமாக, நடுப் பாக்கெட் இரண்டையும் இணைக்கும் கோட்டிலிருந்து ரேக் பக்கமாக 7 அங்குலம் தள்ளி வையுங்கள். வெட்டு, அதாவது ஒயிட் வரும் திசைக்கும் பந்து போகும் திசைக்கும் உள்ள கோணம், சுமார் 30 டிகிரி வரும். ஸ்டன், அதாவது மோதும் கணத்தில் ஒயிட் முன்னோ பின்னோ சுழலாத அடி, அடித்தால் ஒயிட், பந்து போகும் திசைக்குச் செங்குத்தாக விலகி, ரேக்கின் இரண்டாம், மூன்றாம் வரிசைப் பந்துகளுக்கு நடுவே போய் மோதும்.

இதே ஒயிட்டை இடப்பக்கம் 5 அங்குலம் நகர்த்துங்கள். வெட்டு 15 டிகிரிக்குச் சுருங்கிவிடும். பந்து விழும், ரேக் அசையாது. வலப்பக்கம் 5 அங்குலம் நகர்த்தினால் 45 டிகிரி. ரேக் சிதறும், ஆனால் பந்தைத் தவறவிடும் ஆபத்து அதிகம். ஆக உங்களுக்குக் கிடைப்பது ஒரு சாண் அகலத்துக்குச் சற்றே கூடுதலான இடம். ஓடிவரும் ஒயிட்டை அங்கே நிறுத்துவது குருட்டு அதிர்ஷ்டம். கீ பந்து அந்த இடத்திலேயே, நடுப் பாக்கெட்டுக்கு நேராக நின்றால், ஒரு ஸ்டாப் ஷாட்டில் ஒயிட் அங்கேயே நின்றுவிடும். டேபிள் நடுப் பந்தை விட்டுவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

உடைக்கும்போது முழு பலம் வேண்டாம். உங்களால் கட்டுப்படுத்தி அடிக்க முடிகிற உச்ச வேகத்தில் முக்கால் பங்குக்கும் கீழே போதும். ஒயிட் ரேக்கின் மேல்பாதியில், அதாவது உங்கள் பக்கப் பாதியில் மோதும் என்று தெரிந்தால் கொஞ்சம் ஸ்க்ரூ (பின்சுழற்சி) கொடுங்கள். டேபிள் நடுவுக்குத் திரும்பி வரும். கீழ்ப்பாதியில் மோதுமானால் ஃபாலோ (முன்சுழற்சி). பந்துகளை ஊடுருவித் தூரத்துக் குஷனில் பட்டு வெளியே வரும். மேலே ஸ்டன் என்று சொன்னது மோதும் இடத்தை அளக்கத்தான்; உடைக்கும்போது நடுவில் அடித்து எந்தச் சுழற்சியும் இல்லாமல் மோதினால் ஒயிட் ரேக்கோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அங்கே ரன் முடிந்தது.

ஸ்நூக்கர் ஆடிப் பழகியவருக்கு ஒரு எச்சரிக்கை. ஊட்டி கிளப்பில் ஸ்நூக்கர் விதிகள் எழுதப்பட்ட காலத்திலிருந்து அந்த ஆட்டம் நம் பக்கத்துச் சொத்து; ஒயிட்டை அடக்கிவைக்கும் கை உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். ஆனால் சிவப்புக் கூட்டத்தை நாலு நாலாக உதிர்க்கும் பொறுமை இங்கே பிரேக் ஷாட்டில் கெடுதல். முதல் அடியிலேயே ஏழெட்டுப் பந்தாவது வெளியே வந்துவிட வேண்டும்.

பயிற்சிக்கு வருவோம். ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் கால் மணி, மேலே சொன்ன பிரேக் ஷாட் மட்டும், இருபது தடவை. பிரேக் பந்தின் இடத்தைப் பென்சில் புள்ளியால் குறித்துக்கொள்ளுங்கள். பந்து விழுந்ததா, அடுத்த ஷாட் திறந்திருந்ததா என்று இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். பதினாறு விழுந்து பத்துக்கு அடுத்த ஷாட் இருந்தால் நல்ல நிலை. அடுத்த கால் மணி, பிரேக் பந்தை அதன் இடத்தில் வைத்துவிட்டு மூன்று பந்தை டேபிளில் உருட்டிவிடுங்கள். ஒயிட்டை விருப்பமான இடத்தில் வைத்து மூன்றையும் போட்டு, பிரேக் பந்துக்குச் சரியான கோணத்தில் நிற்க வேண்டும். எது கீ பந்து என்று அடிக்கும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த ஒரு பயிற்சியே மற்ற எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் ரன்னை ஏற்றும். மீதி அரை மணி ரன் முயற்சி. பிரேக் ஷாட்டிலிருந்தே தொடங்கலாம்.

நோட்டில் எண்ணை மட்டும் எழுதினால் பயனில்லை. ஏன் முடிந்தது என்பதையும் ஒரே வார்த்தையில் எழுதுங்கள்: தவறியது, நிலை கெட்டது, கொத்து, பிரேக், ஒயிட் விழுந்தது. முப்பது முயற்சி சேர்ந்ததும் எது அதிகமோ அதைத்தான் அடுத்த வாரம் பழக வேண்டும். உச்ச எண் ஒரு நல்ல நாளில் வந்துவிடும். உண்மையைச் சொல்வது கடைசிப் பத்து முயற்சியின் சராசரி. அது எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறியிருந்தால், உச்சம் மாறாவிட்டாலும் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். இலக்கை 15, 29, 43 என்று வையுங்கள். ஒவ்வொன்றும் இன்னொரு ரேக்கை உடைத்துக் கடந்ததற்கான சான்று, அதனால் இருபது, முப்பதைவிட அர்த்தமுள்ளவை.

தகராறு வரும் இடம் ரேக் எல்லை. முக்கோணத்தின் வெளிவரம்பைத் துணியில் மெல்லிய பென்சில் கோடாகப் போட்டுவைக்க வேண்டும், "அண்ணா, ஒரு கோடு போட்டுக்கட்டுமா?" என்று கவுண்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பதினைந்தாவது பந்து மட்டும் எல்லைக்குள் கிடந்தால் அது ஹெட் ஸ்பாட்டுக்கு (ஃபுட் ஸ்பாட்டுக்கு எதிர்முனையில் உள்ள புள்ளி) போகும். ஒயிட்டும் உள்ளே இருந்தால் பதினைந்தையும் முழு ரேக்காகப் போட்டு, ஒயிட்டை ஹெட் கோட்டுக்கு (ஹெட் ஸ்பாட் வழியே குறுக்கே போகும் கோடு) பின்னால் கையில் எடுத்து ஆடலாம். சொன்ன பந்தோடு தற்செயலாக இன்னொன்றும் விழுந்தால் அதுவும் எண்ணிக்கையில் சேரும்.

டேபிளின் குணம் நம் பக்கத்தில் மாதத்துக்கு மாதம் மாறும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் துணி ஈரம் குடித்து மெதுவாகும். ஒயிட் நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும், ரேக்கும் சோம்பலாக உடையும். மார்கழி, தையில் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று உலர்ந்து வீசும்போது அதே அடி ஒரு சாண் கூடுதலாக ஓடும். ஆட்டத்துக்கு முன் ஒயிட்டை நீளவாக்கில் நாலைந்து தடவை உருட்டி வேகத்தைப் பழகிக்கொள்ளுங்கள். மழைக்கால ரன்னைத் தை மாத ரன்னோடு ஒப்பிட்டுச் சோர்ந்துபோகாதீர்கள். ரோமம் கெட்டியான துணி போட்ட டேபிளில் பிரேக்குக்கு இன்னும் கொஞ்சம் வேகம் தேவை.

பந்துகளை ஈரம் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து உலர்த்திவிட்டு ஆடுங்கள். சாக் தூள் ஒட்டிய பந்தில் ஒயிட் படும்போது இரண்டும் ஒரு கணம் பிடித்துக்கொள்ளும். வெட்டு குறைந்து பந்து பாக்கெட்டின் தாடையில் அடித்துத் திரும்பும். தவறு உங்கள் கையில் இல்லை என்பதே தெரியாமல் குறி பார்ப்பதை மாற்றத் தொடங்கிவிடுவீர்கள். துடைக்க ஆகும் நேரம் ஐந்து நிமிடம்.