செகண்ட் ரவுண்டுக்கும் பர்சனாலிட்டி டெஸ்ட்டுக்கும் போகுமுன்

வேலை தெரியுமா என்பதை முதல் சுற்றிலேயே பார்த்துவிட்டார்கள். மறுபடி கூப்பிடுவது, ஆள் நிலைப்பாரா, கூட இருப்பவர்களோடு ஒத்துப்போவாரா என்று பார்க்கத்தான். கடலூர் சிப்காட் ஆலையோ, புதுச்சேரி சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் கம்பெனியோ, கேள்விகள் இதைச் சுற்றியே வரும்.

முதல் சுற்றில் கேட்டதையும் நீங்கள் சொன்னதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். அடுத்து உட்காருபவர் கையில் அந்தக் குறிப்பு இருக்கும். அன்று "நைட் ஷிப்ட் ஓகே சார்" என்றுவிட்டு இன்று இழுத்தால் சந்தேகம் வந்துவிடும். விருத்தாசலத்திலிருந்து காலை 6 மணி ஷிப்டுக்கு எப்படி வருவீர்கள் என்றால், "பார்த்துக்கலாம்" பதிலாகாது. கம்பெனி பஸ் எதுவரை வருகிறது, இல்லையென்றால் எங்கே ரூம் எடுப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

டெஸ்ட்டில் பெரும்பாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தேர்ந்தெடுக்க 5 விடைகள் இருக்கும். ஒரே விஷயத்தை நேராகவும் தலைகீழாகவும் கேட்பார்கள்: "எடுத்த வேலையை முடித்துவிடுவேன்" முதல் பக்கத்தில், "பாதியில் நிற்கும் வேலைகள் எனக்கு நிறைய" நாலாம் பக்கத்தில். அவசரத்தில் இரண்டுக்கும் 'ஆம்' போட்டால் முரண் பதிவாகும். ஆங்கிலத் தாளில் செல்டம், ரேர்லி, ஹார்ட்லி மூன்றுமே 'அரிதாக, இல்லை என்கிற அளவுக்கு' என்று பொருள்படும். தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

"யார்மேலும் கோபப்பட்டதே இல்லை" போன்றவை, நல்லவராகக் காட்டிக்கொள்ளும் பூச்சைப் பிடிக்க வைத்தவை. அதற்கும் 'முழுக்க ஆம்' போட்டால் மற்ற பதில்களையும் நம்பமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் நடு விடை போடுவதும் வீண். அதில் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது. நாலு நல்ல குணங்களில் எது அதிகம் பொருந்தும், எது குறைவு என்று கேட்டால், வீட்டில் எப்படி என்று யோசிக்காமல் வேலையிடத்தில் எப்படி என்று நினைத்துப் போடுங்கள்.

பழக்கத்துக்கு ஐ.பி.ஐ.பி. என்ற ஆளுமைக் கேள்வித் தொகுப்பின் இலவச 50 கேள்வித் தாளை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும். 16 வகை ஆளுமையை மனப்பாடம் செய்வது வேண்டாத வேலை. அந்த 16 வகை டெஸ்ட்டான எம்.பி.டி.ஐ.யை வெளியிடுபவர்களே ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள்.

டெஸ்ட்டில் தாழ்ந்த இடத்தை நேர்முகத்தில் தோண்டுவார்கள். ஒரு தவறு, ஒரு மனத்தாங்கல், ஒரு நெருக்கடி என மூன்று சம்பவங்களை ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். நம்மூர்ப் பணிவில் எல்லாமே "செஞ்சோம்" ஆகிவிடும். உங்கள் பங்கு எது என்று கேட்பவருக்குத் தெரியாது. "நான் வால்வை மூடினேன், இன்சார்ஜுக்குச் சொன்னேன்" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

சம்பளப் பேச்சு இந்தச் சுற்றில்தான் வரும். மாதம் 25,000 சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு), பேசிக் 12,500 என்று வையுங்கள். கம்பெனியின் பி.எஃப். 1,500, கிராஜுவிட்டி (பணிக்கொடை) சுமார் 600, உங்கள் பி.எஃப். 1,500 போக, கைக்கு வருவது ஏறக்குறைய 21,400. தொழில் வரி இருந்தால் அது தனி. எண்ணைச் சொல்லுமுன் அது சி.டி.சி.யா, கைக்கு வருவதா என்று கேட்டுவிடுங்கள்.