இன்ஹேலர் வாங்கப் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள்

ஆஸ்துமா உள்ள பதின்வயதுப் பிள்ளை அந்த வேளைக்குரிய மருந்தை மருந்தாளுநர் முன்னிலையிலேயே உறிஞ்சிக் காட்டட்டும். ஸ்பிரே வகை இன்ஹேலரை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பொடி வகையை வேகமாக, பலமாக. இது மாறிப்போனால் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேராது. பழகிய கண் இந்தப் பிழையை உடனே பிடித்துவிடும். ஸ்டீராய்டு மருந்தென்றால் பிறகு பிள்ளை வாய் கொப்பளிக்கிறதா என்பதையும் மருந்தாளுநர் கேட்பார். பெற்றோர் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது: தவறவிட்ட வேளைகளை அம்மா எதிரில் எந்தப் பிள்ளை ஒப்புக்கொள்ளும்?

கடையில் விற்பனை உதவியாளர் மட்டுமே இருந்தால் இது பயன்படாது. கடும் மூச்சுத்திணறல் என்றால் நிவாரண இன்ஹேலரை (மூச்சுத்திணறலை உடனே தணிப்பது) கொடுத்தபடியே நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.