சேலத்தில் ஒரே ஒரு நாள்: மலைக்கு ஓடாதீர்கள்

சேலத்துக்கு வருகிறேன் என்று யார் சொன்னாலும் மூச்சு விடுவதற்குள் ஏற்காடு வந்துவிடும். ஜங்ஷனில் இறங்கியதும் வண்டி பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியில் படகு விட்டுவிட்டு, மாலையில் இறங்கி ரயிலேறிவிடுகிறார்கள். ஏற்காடு எங்கும் போய்விடாது, அதற்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள். கையில் ஒரே நாள்தான் என்றால் ஊருக்குள்ளேயே இருங்கள். நான் குகைக்காரன், குகை என்பது சேலத்தில் ஒரு பகுதி. வெளியூர்ச் சொந்தம் வந்தால் நான் கூட்டிக்கொண்டு சுற்றும் வழியைச் சொல்கிறேன்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் கொஞ்சம் இழுக்கும். தின்ன நிறைய இருக்கிறது. காது கொடுத்துக் கேட்கவும் இருக்கிறது.

காலை ஏழு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்குங்கள். சுகவனேசுவரர் கோயிலும் கோட்டை மாரியம்மன் கோயிலும் நடந்து போகும் தூரம்தான். சுகவனேசுவரர் கோயில் முருகனை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியிருக்கிறார். பாடத் தெரிந்தவர் யாராவது உங்களோடு வந்தால் சந்நிதி முன் ஒன்று பாடச் சொல்லுங்கள். அப்புறம் நாலு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயிற்றில் இடம் வேண்டும்.

அடுத்தது செவ்வாய்ப்பேட்டை. லீ பஜார் பக்கம் மூட்டை இறக்குகிறவர்களுக்கு வழி விட்டுக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வெல்ல மண்டி. ஆனால் இந்தப் பேட்டையின் உயிர் கொலுசு. சந்துகளில் வீட்டு முன்னறையே பட்டறையாக இருக்கும். தீயை ஊதி ஊதி வெள்ளி வளையங்களை ஒன்றோடொன்று பற்றவைப்பார்கள். தரையைப் பெருக்கிய குப்பையைக்கூட வெளியே கொட்டமாட்டார்கள், அதில் வெள்ளித்தூள் கிடக்கும். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், வாசலில் நின்று பார்ப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை.

கொலுசு வாங்குவதாக இருந்தால் எடை போடும் முன் காதைத் தீட்டுங்கள். ஒவ்வொரு காலுக்கானதையும் தனித்தனியாக உள்ளங்கையில் வைத்து ஒரு குலுக்கு. இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். ஒன்று கலகலவென்றும் மற்றது மொட்டையாகவும் கேட்டால் முத்து சரியாக விழவில்லை, வேறு ஜோடி கேளுங்கள். குழந்தைக்கு என்றால் சத்தம் தூக்கலானது, ஆபீஸ் போகும் பெண்ணுக்கு என்றால் முத்தில்லாதது. இதையெல்லாம் கேட்டு வாங்குகிறவரைக் கடைக்காரருக்குப் பிடிக்கும், விலையும் கொஞ்சம் இறங்கும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை வருகிறவர்கள் திரும்பும்போது சின்னக்கடை வீதியில் மாம்பழத்துக்காக நில்லுங்கள். இமாம் பசந்த், பெங்களூரா எல்லாம் சரிதான், ஆனால் மல்கோவா என்றால் மே பிறக்கட்டும். காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள், அங்கே வாசனை இல்லாத பழத்துக்கு எவ்வளவு நிறம் இருந்தும் பயனில்லை.

மதியம் ஏதாவது மிலிட்டரி ஓட்டலில் சோறும் மட்டன் குழம்பும். வெயில் இறங்கியதும் ஆட்டோ பிடித்து ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வரை போய் வாருங்கள். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படமும் (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமும் (1956) இந்த நிறுவனம் எடுத்தவைதான். ஜி. ராமநாதன் இசையமைத்த படங்களும் இங்கிருந்து வந்தன. இப்போது மிஞ்சியிருப்பது நுழைவாயில் வளைவு மட்டும். பத்து நிமிஷம் போதும். அந்தக் காலப் பாட்டு ஒன்றை போனில் போட்டுக் கேட்டுக்கொண்டே திரும்புங்கள்.

மாலை ஐந்து மணிக்குத்தான் சேலம் வாயைத் திறக்கும். தட்டுவடை செட் வண்டிகள் குகையிலும் அம்மாப்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு நிற்கும். ஏசி போட்ட கடைக்குப் போகாதீர்கள், கூட்டம் நிற்கும் தள்ளுவண்டிக்குப் போங்கள். அக்கா தட்டுவடைகளை வரிசையாகப் பரப்புவார், ஒவ்வொன்றிலும் பச்சைச் சட்னி ஒரு தடவு, சிவப்புச் சட்னி ஒரு தடவு, மேலே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், அதன் தலையில் இன்னொரு தட்டுவடை. "காரம் போடலாமுங்களா?" என்பார். முதல் தட்டுக்குப் பாதிக் காரம் போதும். கையில் வந்ததும் முழுசாக வாய்க்குள் போட வேண்டும். பேசிக்கொண்டு நின்றால் நமுத்துவிடும், கடித்துத் தின்றால் சட்டை சிவக்கும். அடுத்த தட்டு நொறுக்கல், அதாவது தட்டுவடையை நொறுக்கிச் சட்னியும் காயும் கலந்தது. முறுக்கு செட்டுக்கும் இடம் வைத்திருந்தால் நீங்கள் கெட்டிக்காரர்.

ஆடியில் வந்தால் இந்த நாள் முழுக்கத் தலைகீழாகிவிடும். எங்கள் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேஷம் கட்டியவர்கள் ஜோடித்த வண்டிகளில் வருவார்கள், பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. இருட்டும் முன்பே ஏதாவது திண்ணையில் இடம் பிடியுங்கள், வீட்டுக்காரரைக் கேட்டால் தண்ணீரும் கிடைக்கும். அன்றைக்கு ஊருக்குள் ஆட்டோவை நம்பாதீர்கள், நடைதான்.

சென்னைக்கு ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பெயர்தான் ஏற்காடு, மலையேறாது. ஜங்ஷன் சூரமங்கலத்தில் இருக்கிறது, கடைவீதியிலிருந்து நெரிசலில் போக முக்கால் மணி நேரம் கையில் வையுங்கள். பார்சல் என்றால் வெறும் தட்டுவடையை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள், சட்னியை வீட்டில் அரைத்துக்கொள்ளலாம்.