ஃபிளிண்ட்லாக் பாகங்களுக்கு எந்த ஸ்டீல்?

சென்ற குளிர்காலத்தில், பென்சில்வேனியாவில் என் வீட்டுக் கொட்டகையில், ஒரு ஃபிளிண்ட்லாக் துப்பாக்கியின் (கல்லில் எழும் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய வகை) லாக்கை, அதாவது பொறி எழுப்பும் அமைப்பை, ராவி ராவிச் செய்து முடித்தேன். கல்லைக் கவ்விய குதிரை, கல் உரசும் எஃகுத் துண்டான ஃபிரிஸன் மேல் நன்றாகவே பாய்ந்தது. ஆனால் ஒரு பொறிகூட வரவில்லை. ஃபிரிஸனைக் கழற்றி அரத்தை வைத்தால் கரகரவென்று இறங்குகிறது. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த துண்டுதான், இறுகவே இல்லை. நான் எடுத்திருந்தது 1018 ஸ்டீல்.

முதலில் அந்த எண்ணைப் படியுங்கள். கடைசி இரண்டு இலக்கமும் கரியின் (கார்பனின்) அளவு: 1018 என்றால் 0.18 சதவீதம், 1095 என்றால் 0.95. கல் சீவியெடுக்கும் எஃகுத் துணுக்கு காற்றில் எரிவதுதான் பொறி. கரி குறைந்த இரும்பு எத்தனை முறை தோய்த்தாலும் அதற்கு வேண்டிய அளவு இறுகாது. ஃபிரிஸனுக்கு 1095 அல்லது ஓ1 (O1) என்ற கருவி ஸ்டீல் வாங்குங்கள்.

லாக் பிளேட், குதிரை இரண்டுக்கும் 1018 போதும், ராவ எளிது. டம்ளர் (குதிரையோடு சேர்ந்து சுழலும் உள்பாகம்), சியர் (விசையை இழுக்கும்வரை டம்ளரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) இரண்டையும் 1018-இல் செய்து எலும்புக்கரியில் புதைத்துச் சுடுவோர் உண்டு. ஆனால் அதில் இறுகுவது மேல்தோல் மட்டும். பிறகு சியர் முனையைக் கொஞ்சம் தேய்த்தாலும் மெத்தென்ற உள்பகுதி வந்துவிடும். புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது ஓ1.

ஸ்பிரிங்குக்கு 1075. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டாதீர்கள், அது என்ன ஸ்டீல் என்று உறுதியாகத் தெரியாது. அரத்தின் கீறல்கள் நீளவாக்கில் மட்டும் இருக்கட்டும். குறுக்கே ஒரு கீறல் இருந்தால் அங்கேதான் முறியும். காந்தம் ஒட்டாமல் போனதும் இன்னும் சற்றுக் காய்ச்சி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்த்து, 400 டிகிரி செல்சியஸில் டெம்பர் செய்யுங்கள் (இறுகியதை மீண்டும் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது). சமையலறை ஓவனுக்கு அந்தச் சூடு வராது, சிறிய மின்சூளை வேண்டும். சிலர் ஈயத்தை உருக்கி அதில் போடுகிறார்கள். ஈயப்புகை உடம்புக்கு ஆகாது, வேண்டாம்.

இந்தியாவில் துப்பாக்கிப் பாகம் செய்ய உரிமம் தேவை. ஊரில் இருப்பவர்கள் தயவுசெய்து முயல வேண்டாம்.

பிற்சேர்க்கை: ஃபிரிஸன் தோய்க்கும்போதே விரிசல் விட்டுவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஓ1-ஐத் தண்ணீரில் தோய்த்திருக்கிறார். அந்த ‘ஓ’ ஆயிலைக் குறிக்கும், எண்ணெயில்தான் தோய்க்க வேண்டும். தண்ணீருக்கென்று இருப்பது டபிள்யூ1. தோய்த்த கையோடு, ஆறவிட்டு மறந்துவிடாமல், 190 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். இதற்குச் சமையலறை ஓவனே போதும்.