ஆஃப் சீசனில் எதைப் பிடிப்பது? நீண்ட தூர டிரையத்லான்காரர்கள் சறுக்கும் இடங்கள்

அயர்ன்மேன் என்னும் நீண்ட தூர டிரையத்லான் போட்டி முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, கால் வலியும் முழுசாகப் போயிருக்காது. அதற்குள் "இந்த ஆஃப் சீசன் (போட்டி இல்லாத மாதங்கள்) ஓட்டத்துக்குத்தான்" என்று முடிவெடுத்துவிடுவார்கள். எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டால், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றில் எதில் தரவரிசை கீழே போனதோ அதைக் காட்டுவார்கள். பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது.

3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. சைக்கிள் மிதித்து, அதன்பின் 42.2 கி.மீ. ஓடுகிறோம். ஓட்டத்தின் நேரத்தில் அதற்கு முன்னால் நடந்த அத்தனையும் கலந்திருக்கும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். தனி மாரத்தானை 3 மணி 45 நிமிடத்தில் முடிப்பவர். அயர்ன்மேனில் முதல் 10 கி.மீ. வரை கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 45 வினாடி (5:45) என்ற பேஸில் ஓடுகிறார், 20-ஐத் தாண்டும்போது 6:20 ஆகிவிடுகிறது. 28-க்குப் பிறகு கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று 8 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. மொத்தம் ஐந்து மணி நேரத்தை ஒட்டி வருகிறது. இவருக்கு ஓட்டத்தில் வேகம் இல்லை என்று எப்படிச் சொல்வது? சைக்கிள் பதிவைத் திறந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். முதல் 60 கி.மீ.யில் ஏற்றம் வந்தபோதெல்லாம் வாட்ஸ், அதாவது மிதிக்கும் சக்தி, எகிறியிருக்கும், கடைசி ஒரு மணி நேரத்தில் சரிந்திருக்கும். அல்லது மணிக்கு 60 முதல் 90 கிராம் கார்போஹைட்ரேட் எடுக்க வேண்டிய இடத்தில், வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று 30 கிராமோடு நிறுத்தியிருப்பார். அவர் ஆறு மாதம் டிராக்கில் இன்டர்வல் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி) ஓடினாலும் அடுத்த முறை அதே 28-ஆவது கிலோமீட்டரில்தான் உட்காருவார். அவருக்கு வேண்டியது நீண்ட சைக்கிள் பயிற்சியும், அதில் சாப்பிட்டுப் பழகுவதும்.

அடுத்தது, கணக்குப் போடாமல் இறங்குவது. நீச்சலில் 100 மீட்டருக்கு 10 வினாடி குறைத்தால் 3.8 கி.மீ.யில் சுமார் 6 நிமிடம் கிடைக்கும். ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 15 வினாடி குறைந்தால் பத்தரை நிமிடம். சைக்கிளில் சராசரி வேகம் மணிக்கு 28 கி.மீ.யிலிருந்து 29 ஆனால் 13 நிமிடம். இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் சைக்கிளுக்குப் போய்விட வேண்டாம். நீச்சல் நேர வரம்பை நெருங்கி, மூச்சு வாங்கியபடி கரையேறுபவருக்கு அந்த 6 நிமிடத்தைவிட, தெம்போடு சைக்கிள் ஏறுவது பெரிய லாபம்.

நீச்சலைப் பிடிப்பவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி: தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். தலையைத் தூக்கி மூச்செடுப்பதால் கால் கீழே அமிழ்கிறது, தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது முழங்கை சரிகிறது. அப்படியே வாரம் 10 கி.மீ. நீந்தினால் அந்தப் பழக்கம்தான் இறுகும். ஒன்றரை மணி நேரமாக இரண்டு நாள் நீந்துவதைவிட, 40 நிமிடமாக நான்கைந்து நாள் போவது மேல். தண்ணீரின் பிடி கைக்குப் பழகுவது அடிக்கடி இறங்கினால்தான். யாரையாவது நீருக்கடியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தன் கை எப்படிப் போகிறது என்று நினைத்திருந்தோமோ, அதற்கும் படத்தில் தெரிவதற்கும் உள்ள தூரம் பலரை அதிர வைக்கும்.

ஓட்டத்தைப் பிடித்தால் ஆபத்து காலில்தான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும், தசைநாணும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் தேறாது. சைக்கிளில் சேர்த்த தெம்பு இருக்கிறதே என்று ஒரே மாதத்தில் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் குதிகால் தசைநாண் வலியோடுதான் சீசன் தொடங்கும். எடையையும் இதே சமயத்தில் குறைத்துவிடலாம் என்று சாப்பாட்டை வெட்டுகிறார்களே, அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. பயிற்சியைக் கூட்டி உணவைக் குறைத்தால் ஹார்மோன், எலும்பு, தூக்கம் எல்லாமே அடிவாங்கும்.

ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற எடைப் பயிற்சியைப் பலர் தொடுவதே இல்லை. கால் கனத்து, வலித்தாலும் பாதகமில்லாத மாதங்கள் இவைதான். போட்டி நெருங்கியபின் ஆரம்பித்தால் முக்கியமான பயிற்சிகள் கெடும்.

அப்புறம், பிடித்ததையே பிடிப்பது. சைக்கிள் நன்றாக ஓட்டுபவர் ஒவ்வோர் ஆண்டும் சைக்கிளையே தேர்ந்தெடுப்பார். அதில் சுகம் இருக்கிறது, பாராட்டும் கிடைக்கிறது. மூன்றையும் ஒன்றாக மேம்படுத்துகிறேன் என்பவரும் இதே போலத்தான், எதையும் விட மனமில்லாதவர். ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டையும் வாரம் இரண்டு முறை, நிலை குறையாத அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும்.

தொடங்கும் முன் அளந்துவையுங்கள். நீச்சல் என்றால் ஒரே நாளில் 400 மீட்டரும், நல்ல ஓய்வுக்குப் பின் 200 மீட்டரும் முழு முயற்சியில் நீந்துங்கள். முதலாவது 8:00, இரண்டாவது 3:50 என்றால் வித்தியாசம் 4:10. அதில் பாதி 2:05. நீண்ட நேரம் தாங்கக்கூடிய 100 மீட்டர் வேகம் ஏறத்தாழ அதுதான். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே குளத்தில் இதையே திரும்பச் செய்யுங்கள். 2:05 அசையவே இல்லை என்றால், அடுத்த எட்டு வாரத்தையும் அதே மாதிரி நீந்திக் கழிக்காமல், கோச்சைக் குளக்கரையில் நிற்கச் சொல்லுங்கள்.