தனி எடையும் ஜோடி எடையும் கலந்துவிட்டால்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகளைத் தனித்தனியாகவும், ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் சேர்த்து இரண்டிரண்டாகவும் நிறுத்து, எல்லா எடையையும் ஒரே தாளில் கலந்து எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். தனி எடைகளைப் பிரித்துவிடலாம்.

முதலில் எத்தனை எண்கள் என்று பாருங்கள். 4 மூட்டைக்கு 4 தனி எடை, 6 ஜோடி, ஆக 10 இருக்க வேண்டும். 5 மூட்டை என்றால் 15.

பிறகு ஏறுவரிசையில் எழுதுங்கள்: 3, 5, 8, 8, 11, 12, 13, 15, 17, 20. மிகச் சிறிய இரண்டும் (3, 5) கட்டாயம் தனி எடைகள். அவற்றின் கூட்டல் 8. ஒரே ஒரு 8-ஐ மட்டும் அடியுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: இரண்டு 8-ஐயும் அடித்தால் கணக்கே கெட்டுவிடும். மிச்சத்தில் சிறியது 8, அது அடுத்த தனி எடை. அதை 3, 5 உடன் கூட்டி 11, 13-ஐ அடியுங்கள். அடுத்த தனி எடை 12. அதை 3, 5, 8 உடன் கூட்டினால் 15, 17, 20-ம் போய்விடும். விடை 3, 5, 8, 12.

அடிக்க வேண்டிய எண் பட்டியலில் இல்லையென்றால் எங்கோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். கிலோவில் புள்ளி வந்தால் கிராமாக மாற்றிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் தசமக் கூட்டல் நூலிழை பிசகி, பொருந்த வேண்டியது பொருந்தாது. எதிர்ம எண்கள் இருந்தால் இந்த முறை செல்லாது. ஜோடியின் கூட்டல் தனி எண்ணைவிடச் சிறியதாகிவிடும்.